சொல்லின் தடம் – 12: அமணனும் உப்பும், மதுரைக் குன்றுகளின் சாட்சியம்

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்ததைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வகை பிரிக்கும் பழக்கம் தமிழ் இலக்கணத்தில் தொடக்கம் முதலே உண்டு என்பதற்கு அந்தப் பகுப்பே போதும். எல்லாச் சொல்லும் பொருள் உணர்த்தவே வரும் என்று சொன்ன அவரே, இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடாது என்றும் எச்சரித்து வைத்தார். அப்படியானால் விளங்காத அந்தக் காரணத்தை எந்த வழியில் தேடுவது? தேடிக் கண்டது சரிதான் என்று எதை வைத்துத் தீர்ப்பது? இந்தப் பகுதியின் கேள்வி அதுதான். என் விடை இது: இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன என்பது எதற்கும் சான்றாகாது. காலம் தெரிந்த எழுத்துச் சான்று, பல சொற்களில் ஒரே ஒழுங்கில் நடந்த ஒலிமாற்றம், சொல் வந்து சேர்ந்த வழி ஆகிய மூன்றும் சேர்ந்து நின்றால்தான் ஒரு சொல்லின் பிறப்பை நிறுவ முடியும். இந்த மூன்றையும் ஒரே வட்டாரத்தில் தரக்கூடிய இடம் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள். அந்தக் குன்றுகளின் அருமை விளங்க, பழஞ்சீனச் சொற்களின் பிறப்பைத் தேடியவர்கள் பட்ட பாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழில் முன்னிலை ஒருமை 'நீ'. இன்றைய சீனத்திலும் 'நீ'. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. இதை வைத்துத் தமிழுக்கும் சீனத்துக்கும் உறவு சொல்பவர்கள் உண்டு. ஆனால் செவ்வியல் சீன நூல்களில் முன்னிலைக்குப் பெரிதும் வழங்கியவை இன்று 'எர்', 'ரூ' என்று படிக்கப்படும் சொற்கள். இன்றைய 'நீ', அந்த 'எர்' என்ற சொல்லின் பழைய ஒலிப்பிலிருந்து பிற்காலப் பேச்சுவழக்கில் உருவானது என்பது மொழிநூலார் முடிவு. தமிழ் 'நீ'க்கோ தெலுங்கில் 'நீவு', கன்னடத்தில் 'நீனு', பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயியில் 'நீ' என்று உடன்பிறப்புகள் இருக்கின்றன. வேற்றுமை உருபு ஏற்கும்போது அது 'நின்' ஆகும். பன்மையில் 'நீயிர்' ஆகும். சொல் ஒரு குடும்பமாகவும் ஓர் அமைப்பாகவும் நிற்கிறது. அந்த அமைப்பில் எந்தப் பகுதியும் சீனத்தில் இல்லை. ஆக, இரண்டு 'நீ'களும் வெவ்வேறு வழியில் வந்து இன்று ஒரே இடத்தில் நிற்கின்றன. இன்றைய ஒலியை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒரே ஊர் என்று எண்ணிவிடுவார்.

சீன அறிஞர்களுக்கு இருந்த தடை நமக்கு இருந்ததைவிடப் பெரியது. அவர்கள் எழுத்து ஒலியை நேராகக் காட்டுவதில்லை. ஓர் எழுத்து ஒரு சொல்லைக் குறிக்கும். ஆயிரம் ஆண்டில் ஒலி அடியோடு மாறினாலும் எழுத்து அப்படியே நிற்கும். கி.பி. 100இல் ஷூ ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளுக்கு விளக்கம் எழுதி ஓர் அகராதி முடித்தார். மொழி வரலாற்றில் அது மாபெரும் உழைப்பு. ஆனால் தம் காலத்தில் கிடைத்த எழுத்து வடிவங்களைத்தான் அவர் பார்க்க முடிந்தது. 'செய்தல்' என்ற பொருளுடைய எழுத்தை அவர் குரங்கின் உருவம் என்று விளக்கினார். 1899இல் ஆமை ஓடுகளிலும் மாட்டெலும்புகளிலும் பொறித்த குறி எழுத்துகளை அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். ஆன்யாங் பகுதியிலிருந்து வந்த அவை மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷாங் மன்னர் காலத்தவை. அங்கே அதே எழுத்து, ஒரு யானையைக் கையால் நடத்திச் செல்லும் உருவமாக இருந்தது. ஆயிரத்து எண்ணூறு ஆண்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் ஓர் எலும்புத் துண்டின் முன் விழுந்தது. ஷூ ஷென் அறிவிற் குறைந்தவர் என்பதால் இது நேரவில்லை. முற்காலச் சான்று கைக்கு வராதபோது எவ்வளவு கூர்மையான அறிவும் ஊகத்தோடு நின்றுவிடுகிறது.

ஒலியைக் கண்டுபிடிக்க அவர்கள் வேறு வழி தேடினார்கள். பழைய பாடல்கள் பல தம் காலத்து ஒலிப்பில் எதுகை பொருந்தாமல் நிற்பதைப் படித்தவர்கள், பாடியவர்கள் சொல்லை வளைத்துப் பாடினார்கள் என்று சமாதானம் சொல்லி வந்தார்கள். மிங் காலத்து அறிஞர் சென் தி அதை மறுத்தார். காலம் மாறினால் ஒலி மாறும், இடம் மாறினாலும் மாறும், பாடிய காலத்தில் அவை பொருந்தியே இருந்தன என்றார். கி.பி. 601இல் லூ ஃபாயென் தொகுத்த எதுகை அகராதி இன்னொரு படி ஆயிற்று. 20ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென், அந்த அகராதியைச் சீன வட்டார வழக்குகளோடும், ஜப்பானிய, கொரிய, வியட்நாமிய மொழிகள் சீனத்திடம் கடன் வாங்கிய சொற்களோடும் ஒப்பிட்டு, பழஞ்சீன ஒலிகளை மீட்டுக் கட்டினார். அதன் பயனை இரண்டு சொற்களில் காணலாம். தேனுக்கு இன்றைய சீனச் சொல் 'மீ'. காண்டன் வழக்கில் அதன் ஈற்றில் 'த்' இருக்கிறது. ஜப்பானியம் வாங்கிய வடிவம் 'மிட்சு'. எனவே பழைய ஒலி 'மித்'. சீனத்தின் மேற்கெல்லைப் பாலைவனச் சோலையான கூச்சாவில் வழங்கிய டோக்காரிய மொழியில் தேனுக்கு 'மித்' என்றே பெயர். அது வடமொழி 'மது'வுக்கு உறவு. ஆறு என்ற பொருளில் வரும் 'ஜியாங்' மற்றொன்று. அந்த எழுத்தின் ஒலிக்கூறு 'கோங்' என்று படிக்கப்படுவது. ஆகவே முதலெழுத்து முன்பு ககரம். தென்கிழக்காசிய மோன் மொழியில் ஆற்றுக்கு 'க்ருங்'. வடக்கிலிருந்து யாங்சே ஆற்றங்கரைக்கு இறங்கிய சீனர், அங்கே முன்பே வாழ்ந்தவர்களிடம் அந்த ஆற்றின் பெயரைப் பெற்றார்கள் என்று ஜெர்ரி நார்மனும் சூ லின் மெய்யும் 1976இல் வாதிட்டார்கள். இரண்டிலும் அமைப்பு ஒன்றே: பழைய ஒலிக்கு ஒரு சாட்சி, அயல்மொழி வடிவத்துக்கு ஒரு சாட்சி, இரு மக்களும் சந்தித்த இடத்துக்கு ஒரு சாட்சி.

இனி நம் பக்கம். பேரையூர் வட்டத்து எழுமலைக்கு வடக்கே, உசிலம்பட்டி வட்டத்து விக்கிரமங்கலத்தில் தொடங்கி நாகமலைப் பக்கத்துக் கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, திருப்பரங்குன்றம், ஆனைமலை, அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு வரை குன்றுக் குகைகளில் துறவிகளுக்காக வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளும், கொடுத்தவர் பெயரைச் சொல்லும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. மாங்குளத்து எழுத்துகளை 1882இல் ராபர்ட் சூவெல் கவனப்படுத்தினார். ஆனால் நாற்பது ஆண்டுக்கு மேல் அவற்றின் மொழி எது என்பதே தெளிவாகவில்லை. எழுத்து பிராமியாக இருந்ததாலும், 'தம்மம்' போன்ற சொற்கள் கண்ணில் பட்டதாலும், பாலியோ பிராகிருதமோ என்று எண்ணிப் படித்தார்கள். 1924இல் சென்னையில் நடந்த மூன்றாம் அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ் என்று நிறுவினார். தமிழுக்கு வேண்டிய ழ, ள, ற, ன ஒலிகளுக்குத் தனி எழுத்து இருப்பதையும், வர்க்க எழுத்துகள் வேண்டாமல் மொழி நடப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். 1960களில் ஐராவதம் மகாதேவன் குகை குகையாகச் சென்று மறுவாசிப்புச் செய்து, மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். அவர் உழைப்பு முழுவதும் 2003இல் பெருநூலாக வந்தது. மாங்குளத்து எழுத்துகளை அவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். சீனருக்கு எலும்பு எழுத்து எப்படியோ, நமக்குக் கற்படுக்கை எழுத்து அப்படி. நம்முடையது ஒலியையும் சேர்த்துக் காட்டுகிறது என்பது நமக்குக் கூடுதல் பேறு.

இந்தக் கல்லெழுத்துகளை வைத்து ஒரு சொல்லை முழுதாகச் சோதித்துப் பார்ப்போம். அந்தக் குகைகளில் தங்கிய துறவிகளைத் தமிழ் 'அமணர்' என்றும் 'சமணர்' என்றும் அழைக்கிறது. 'அம்மணம்' என்பதிலிருந்து 'அமணர்' வந்தது, ஆடையற்றவர் என்பதே அதன் பொருள் என்ற விளக்கம் இன்றும் பலரால் சொல்லப்படுகிறது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. சாட்சிகளை அழைப்போம். கி.மு. 3ஆம் நூற்றாண்டு அசோகன் கல்வெட்டுகளில் 'சமண' என்ற சொல் துறவியைக் குறித்துத் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே அது பௌத்தர் முதலான பல சமயத் துறவிகளுக்கும் பொது. வடமொழி வடிவம் 'ஸ்ரமண'. உழைத்தல், வருந்தி நோற்றல் என்ற பொருளுடைய 'ஸ்ரம்' என்ற வேரிலிருந்து வந்தது. அதே வேரில் 'ஸ்ரமம்', 'ஆஸ்ரமம்' என்று உறவுச் சொற்களும் உண்டு. கரூர் மாவட்டம் புகலூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் காலக் கல்வெட்டு ஒரு மூத்த துறவியை 'அமண்ணன்' என்கிறது. ஆகவே மொழிமுதல் சகரம் உதிர்ந்த வடிவம் தமிழில் சங்க காலத்தை ஒட்டியே கல்லில் ஏறிவிட்டது. உதிர்ந்ததற்குக் காரணமும் நம்மிடமே இருக்கிறது. சகரம் அகரத்தோடு சேர்ந்து மொழிமுதலில் வராது என்று தொல்காப்பியர் விதித்தார். அதனால்தான் 'சபா' தமிழில் முதலில் 'அவை' ஆயிற்று, பின்னர் வந்தபோது 'சபை' ஆயிற்று. 'சந்தி' முதலில் 'அந்தி', பின்னர் 'சந்தி'. 'அமணர்', 'சமணர்' என்ற இரட்டை வடிவமும் இந்த வரிசையில் அப்படியே பொருந்துகிறது. 'அம்மணம்' விளக்கத்தால் 'சமணர்' என்ற வடிவத்தை விளக்க முடியாது. அசோகன் கல்வெட்டையும் விளக்க முடியாது.

இதே சொல் சீனத்துக்கும் போயிற்று. கி.பி. 148இல் ஆன் ஷிகாவ் என்ற பார்த்தியத் துறவி லோயாங் நகருக்கு வந்து பௌத்த நூல்களை மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தை ஒட்டி, துறவிக்குச் சீனத்தில் 'ஷாமென்' என்ற பெயர் நிலைபெற்றது. அது நடு ஆசிய வழியாகப் போன 'சமண'. சீன மொழியில் முதலெழுத்தாக அந்த ஒலி நிற்கத் தடை இல்லை, அதனால் நின்றது. தமிழில் தடை இருந்தது, அதனால் உதிர்ந்தது. ஒரே சொல் இமயத்துக்கு அப்பாலும் விந்தியத்துக்கு இப்பாலும் சென்று, ஒவ்வொரு மொழியின் சட்டத்துக்கும் பணிந்து வேறு வேறு உருவம் கொண்டது. காதுக்கு 'ஷாமென்', 'அமணன்' இரண்டும் தொலைவானவை, பிறப்பில் ஒன்று. 'நீ', 'நீ' இரண்டும் காதுக்கு ஒன்று, பிறப்பில் தொலைவானவை. ஒலி ஒப்புமையை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு இணைகளும் போதும்.

ஆனால் இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 'இயல்பான தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதானே இது? விதி, ஒலிமாற்றம் என்பதெல்லாம் தமிழைக் கடன்மொழியாகக் காட்டும் கருவிகள்தானே?' என்பது அந்த மறுப்பு. இந்த ஐயம் காரணமின்றி வந்ததல்ல. தமிழ்ச் சொற்களைச் சற்றும் ஆராயாமல் வடசொல் என்று எழுதித் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. அதற்கு விடையாக அழகர்மலைக் கல்வெட்டைக் காட்டுகிறேன். அங்கே குகை அறத்துக்குப் பொருள் கொடுத்தவர்களில் உப்பு வாணிகன், கொழு வாணிகன், அறுவை வாணிகன், பாணித வாணிகன், பொற்கொல்லன் எல்லாரும் இருக்கிறார்கள். கல் 'உப்பு' என்பதை 'உபு' என்று காட்டுகிறது. ஒற்று இரட்டிப்பதை அந்தக் காலத்தார் பெரும்பாலும் எழுதவில்லை. இந்த 'உப்பு' தெலுங்கிலும் கன்னடத்திலும் 'உப்பு'தான். ஆனால் நடு இந்தியாவில் கோலாமி மொழியில் 'சுப்', பர்ஜியில் 'சுப்', கோண்டியில் 'சோவர்'. ஆறு என்ற எண்ணும் கோண்டியில் 'சாருங்'. மூலத் திராவிடத்தில் இச்சொற்களுக்கு முதலில் ஒரு சகரம் இருந்தது, தென்மொழிகள் அதை இழந்தன என்பதே இதன் பொருள். அதாவது சகரம் உதிர்வது வடசொல்லுக்கென்று தனியாக வகுத்த விதியன்று. யாராலும் கடன் என்று சொல்ல முடியாத உப்பையும் அது தொட்டது, வடக்கிலிருந்து வந்த 'சமண'னையும் தொட்டது. ஒலிமாற்றம் சொந்தச் சொல் என்றும் வந்த சொல் என்றும் பார்ப்பதில்லை. அதனால்தான் அதன் சாட்சியத்தை நம்பலாம்.

அதே சாட்சியம் எதிர்த்திசையிலும் தீர்ப்புச் சொல்கிறது. வடமொழியில் தண்ணீருக்கு 'நீர' என்ற சொல் உண்டு. மீனுக்கு 'மீன' உண்டு. இந்தோ ஐரோப்பிய உறவுமொழிகள் எதிலும் இவற்றுக்கு உறவு இல்லை. தமிழ் 'நீர்', தெலுங்கிலும் கன்னடத்திலும் 'நீரு', பிராகுயியில் 'தீர்'. திராவிடத்தில் முழுக் குடும்பம் நிற்கிறது. வடமொழி நம்மிடம் வாங்கியது என்று டி. பர்ரோ முதலியோர் முடிவு செய்ததற்கு இத்தகைய சான்றே காரணம். அவரும் எம்.பி. எமனோவும் 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் 5,500க்கு மேற்பட்ட சொற்குடும்பங்கள் இருக்கின்றன. 'அமணன்' வந்தவன் என்று சொல்லும் அளவுகோலே 'நீர்' நம்முடையது என்று சொல்கிறது. ஒரு கையில் அளவுகோலை எறிந்துவிட்டு மறு கையில் அதன் தீர்ப்பை வைத்துக்கொள்ள முடியாது. தமிழ்ச் சொற்பிறப்புக்காக வாழ்நாளைக் கொடுத்த ஞா. தேவநேயப் பாவாணர், தமிழ்ச் சொற்களைத் தமிழுக்குள்ளேயே குடும்பம் குடும்பமாகச் சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1974இல் தமிழக அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் முதல் இயக்குநர் அவர். 1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த இடத்தில் மதுரையிலேயே மறைந்தார். வேர்களை இணைக்கும் அவர் பார்வை இன்றும் பயன் தருவது. ஆனால் வேரும் பொருளும் இசைந்துவிட்டாலே போதும் என்று நின்ற இடங்களில், கல்லெழுத்தும் உறவுமொழிகளும் அவரை மறுக்கின்றன. அவரை மதிப்பது என்பது அவர் விட்ட இடத்திலிருந்து சான்றோடு மேலே நடப்பது.

வந்த சொற்களை ஒப்புக்கொண்டால் குன்றுக் கல்வெட்டுகளின் மொழி கலப்படமாகிவிடாதா என்று கேட்கலாம். எந்த வகைச் சொற்கள் வந்தன என்று பார்த்தால் விடை தானே தெரியும். தம்மம், துறவியர் தலைவனைக் குறிக்கும் கணி, வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம், இல்லறத்து அடியாரைக் குறிக்கும் உபசன், சர்க்கரைப்பாகைக் குறிக்கும் பாணிதம், இருக்கையைக் குறிக்கும் அதிட்டானம்: எல்லாம் சமயமும் வாணிகமும் கொண்டுவந்த பெயர்ச்சொற்கள். வினைகள் கொடு, கொட்டு, செய், உறை. உறவுகள் மகன், தந்தை. இடங்கள் ஊர், முழாகை, பள்ளி. வேற்றுமையும், வினைமுற்றும், பெயரெச்சமும் தமிழ். புகலூரில் ஒரு பொன் வாணிகன் தன் கொடையை அதிட்டானம் என்று எழுதுகிறான். பொன் நம்முடையது, அதிட்டானம் துறவியோடு வந்தது. எழுமலைக்கு வடக்கே வைகைக் கரையில் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல் இருக்கிறது. ஆநிரை கவர்ந்த பூசலில் விழுந்தவனுக்கு நட்ட கல் அது. 'ஆ' நம்முடையது, 'கொள்' நீண்டு 'கோள்' ஆன தொழிற்பெயர் நம்முடையது, தொல்காப்பியம் வகுக்கும் போர்த்துறைச் சொல்லும் அதுவே. துறவி தங்கிய குகையில் வந்த சொல்லும், வீரன் விழுந்த வெளியில் சொந்தச் சொல்லும் நிற்பது கலப்படமன்று. எந்தத் துறையில் யாரோடு பழகினோம் என்பதற்கு அது நாள் குறித்த பதிவேடு.

கல்வெட்டுகள் சில நூறு சொற்களையே காட்டுகின்றன, அவற்றை நம்பி மொழி வரலாறு எழுதலாமா என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமான கேள்வி. கல்லில் இல்லை என்பதால் வழக்கில் இல்லை என்று சொல்வது தவறு; உப்பின் சகரம் எந்தக் கல்லிலும் இல்லை, கோலாமி பேசுவோர் நாவில்தான் இருந்தது. அதனால்தான் ஒரு சாட்சியை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன். 1816இல் எஃப்.டபிள்யூ. எல்லிஸ், தென்மொழிகள் ஒரு குடும்பம் என்று சென்னையிலிருந்து நிறுவியதும், 1856இல் கால்டுவெல் அதை விரித்ததும் கல்லெழுத்துகள் படிக்கப்படும் முன்பே. ஒப்பீடு கல்லின் குறையை நிரப்பும். கல் ஒப்பீட்டுக்குக் காலம் தரும். ஒன்றை விட்டால் மற்றது நொண்டும்.

மதுரை என்ற பெயரையே இந்தச் சோதனைக்கு வைக்கலாம். மருதத்துறை என்பது மருவி மதுரை ஆயிற்று என்பர். சிவன் சடையிலிருந்து சிந்திய அமுதத்தின் இனிமையால் மதுரம், அதனால் மதுரை என்பது திருவிளையாடல் மரபு. வட மதுரையின் பெயரை இங்கே இட்டார்கள் என்பது மற்றொரு கருத்து. அழகர்மலைக் கல்லோ 'மதிரை' என்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி 'மோதுரா' என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் தாலமியும் அவ்வாறே. ஆகவே ஊர்க்காரன் எழுத்தில் இகரமும், கடல்வழி கேட்டு எழுதியவன் எழுத்தில் உகரமும் இருக்கின்றன. மருதத்துறை விளக்கத்துக்கு நடுவில் இருந்த 'ரு' என்ற அசை முழுவதும் மறைந்திருக்க வேண்டும்; அதற்கு இடைப்பட்ட வடிவம் ஒன்றும் எழுத்தில் இல்லை. அமுத விளக்கம் புராணத்தின் அழகு. ஆனால் கல்லின் இகரத்துக்கு அதில் விடை இல்லை. மகாதேவன் 'மதில்' என்ற சொல்லோடு இணைத்து, மதில் சூழ்ந்த நகர் என்றார். ஊர்க்காரர் எழுதிய மிகப் பழைய வடிவத்திலிருந்து தொடங்குவதால் அதற்கு என் வாக்கு. எனினும் உகர வடிவத்தையும் சேர்த்து விளக்கும் வரை அதையும் முடிந்த முடிவாகக் கொள்ள மாட்டேன்.

எழுமலை என்ற பெயரிலும் இதே ஒழுக்கம் வேண்டும். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், பேரையூர் வட்டத்தில் உள்ள இவ்வூரின் பெயரைத் தமிழ் இலக்கணம் இருவிதமாகப் பிரிக்க இடம் தருகிறது. ஏழு என்ற எண் தொகையில் 'எழு' என்று குறுகும். எழுபது, எழுகடல் போல. அப்படியானால் ஏழு மலை. 'எழு' உயர்தல் என்ற வினையாகவும் இருக்கலாம். அப்போது எழுகின்ற மலை என வினைத்தொகை. சுற்றியுள்ள ஆனைமலை, நாகமலை, பசுமலை, அழகர்மலை எல்லாம் பெயரையோ பண்பையோ முன்னிட்டு நிற்பவை; வினையை முன்னிட்ட பெயர் இந்த வரிசையில் இல்லை. அதனால் எண் பொருளுக்கே சாய்வு அதிகம். ஆனால் சாய்வைச் சான்று ஆக்கிவிடக் கூடாது. அடிவாரத்தில் நின்று முகடுகளை ஏழாக எண்ணிக் காட்டுவதும் சான்றாகாது; எண்ண நினைப்பவருக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை முகடு கிடைக்கும். பழைய கல்வெட்டோ செப்பேடோ பாளையப் பட்டயமோ எந்த எழுத்தில் ஊர்ப் பெயரை எழுதியது என்பதுதான் தீர்ப்பு. கேரளத்தில் கண்ணூர் அருகே உள்ள ஏழிமலை இதற்குப் பாடம். சங்க நூல்கள் மன்னன் நன்னனின் 'ஏழில்' என்று அதைச் சொல்கின்றன. ழகரம் லகரமாகக் கேட்டவர்கள் அதை 'எலி' மலை ஆக்கினார்கள். மார்க்கோ போலோ அந்நாட்டை 'எலி' என்றே குறித்தார். எலியை வடமொழியில் மூஷிகம் என்று பெயர்த்ததால் அங்கு ஆண்டவர் மூஷிகர் ஆனார்கள் என்பது பலர் ஏற்கும் விளக்கம். 11ஆம் நூற்றாண்டில் அதுலன் அவர்கள் புகழ்பாடி மூஷிக வம்சம் என்று காவியமே எழுதினார். ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டால் ஓர் அரச குலத்தின் பெயரே மாறிவிடும்.

இந்த வாதம் முழுவதும் கல்லின் மேல் நிற்கிறது. அந்தக் கல் இன்று பாதுகாப்பாக இல்லை. கிரானைட் குவாரிகள் மேலூர் வட்டாரக் குன்றுகளை விழுங்கியதை மதுரை மாவட்டம் கண்டது. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது; அதே பகுதியைத் தொட்டு வந்த டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 இறுதியில் ஊர்மக்களை வீதிக்குக் கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் கைவிடப்பட்டது. அரிட்டாபட்டிக் கல்வெட்டில்தான் குகைக்கு 'முழாகை' என்ற சொல் இருக்கிறது. 'முழை' என்ற இலக்கியச் சொல்லுக்கு ஈராயிரம் ஆண்டு மூப்புள்ள உறவு அது. அந்தப் பாறை வெடித்திருந்தால் ஒரு மலையோடு அந்தச் சொல்லின் பிறப்புச் சான்றிதழும் தூளாகியிருக்கும். தாளில் எடுத்த படி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. சூவெல் காலத்துக்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஒவ்வொரு தலைமுறையும் கல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் வாசிப்பைத் திருத்தியது. கல் இல்லாமல் போனால் கடைசியாகப் படித்தவரின் பிழையே நிரந்தரமாகிவிடும். தமிழின் தொன்மையைப் பேசுகிறவர்களுக்கு அந்தத் தொன்மையின் முதற்சாட்சியைக் காக்கும் கடமை வேறு எவருக்கும் முன்பாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அந்தக் குகைகளுக்கு அழைத்துச் சென்று, 'உபு' என்ற இரண்டு எழுத்தைப் படிக்க வைத்து, அதற்கு முன்னால் இருந்த சகரம் எங்கே போயிற்று என்று கேட்க வைத்தால், மொழியைப் போற்றுவதும் ஆராய்வதும் ஒரே வேலை என்பது அவர்களுக்குத் தானே புரியும்.

கல்லில் பெயர் வெட்டச் செய்தவர்கள் பொருள் படைத்தவர்கள். அவர்களைத் தவிர, பானையில் தம் பெயரைத் தாமே கீறி வைத்தவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். கீழடி ஓடுகளில் வரும் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் எங்கிருந்து வந்தன, ஆந்திரத்துப் பட்டிப்புரோலுக் கல்வெட்டில் வரும் குபிரகன் என்ற அரசனோடு குவிரனுக்கு உறவு உண்டா என்பதை அடுத்த பகுதியில் இதே மூன்று சாட்சிகளை வைத்துப் பார்ப்போம்.